பூட்டியிருக்கும் வீட்டுக்கான மெஷ் வைஃபை அமைப்பு

மெஷ் வைஃபை என்பது ஒரே ரூட்டரை நம்பியிராமல், ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் பல சிறு நிலையங்களை வீட்டின் பல இடங்களில் வைத்து, ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொண்ட வலையமைப்பாக இயக்கும் முறையாகும். எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு இதை வாங்குவோர் வேகத்தையே முதலில் பார்க்கின்றனர். விழா, திருமணம், விடுமுறை ஆகிய நாட்களில் மட்டும் திறக்கப்படும் வீட்டுக்கு அளவுகோல் வேறு. மின்சாரம் போய் வந்த பின், பொத்தானை அழுத்த ஆள் இல்லாத நிலையிலும், அமைப்பு தானாகவே மீண்டும் இயங்க வேண்டும். அவ்வாறு இயங்காவிட்டால் கண்காணிப்புக் கேமராவைத் தொலைவிலிருந்து பார்க்க முடியாது. வீட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்த வருகை வரை தெரியாமலே போகலாம். இத்தேர்வைச் செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

வீட்டின் அமைப்பும் அலைகளும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தாரால் கட்டப்பட்டவை. உரிமையாளர்களில் பலர் சென்னையிலோ வெளிநாடுகளிலோ வாழ்கின்றனர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையற்கட்டு என நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளும் உண்டு.

வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது வேகம் குறைந்தது. ஆனால் சுவரைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். பின்னது வேகமானது, தடித்த செங்கற்சுவரில் விரைவில் வலுவிழக்கும். முகப்பில் வைத்த ஒரே ரூட்டர் பின்கட்டை எட்டாததற்கு இதுவே காரணம்.

இவ்வீடுகளில் வாசற்கதவுகள் முன்னிருந்து பின்வரை ஒரே நேர்க்கோட்டில் அமைவது வழக்கம். திறந்த வளவும் இந்த நேர்க்கோடும் அலைகளுக்கு நல்ல பாதையாகும். ஆகவே நிலையங்களைப் பக்கத்து அறைகளுக்குள் ஒளித்து வைக்காமல், சாரலும் வெயிலும் படாதவாறு வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் வைப்பது நல்லது. வீடு பூட்டியிருக்கும்போது இக்கதவுகளும் அடைத்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. எனவே அலை வலிமையைக் கதவுகளை அடைத்துவிட்டே சோதிக்க வேண்டும்.

நிலையங்களை இணைக்கும் வழி

நிலையங்கள் தமக்குள் கம்பியின்றியும் பேசலாம், ஈதர்நெட் கம்பி வழியாகவும் பேசலாம். கைப்பேசிக்கும் அடுத்த நிலையத்துக்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையம், ஒவ்வொரு தாவலிலும் ஏறத்தாழ பாதி வேகத்தை இழக்கும். தமக்குள் பேசவே தனி அலைவரிசை ஒதுக்கும் மும்மை அலைவரிசை வகைகளில் இக்குறை குறைவு.

நம்பகத்தன்மைக்குக் கம்பியே சிறந்தது. ஈதர்நெட் கம்பியை ஒரே நீளமாக 100 மீட்டர் வரை கொண்டு செல்லலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். தோட்டத்தில் தனியே நிற்கும் கட்டடத்துக்குச் செம்புக் கம்பியைவிட உலோகம் கலவாத ஒளியிழை பாதுகாப்பானது. மின்னலின்போது எழும் மின்னழுத்தம் செம்பு வழியே இரு கட்டடங்களின் கருவிகளையும் தாக்கக்கூடும்.

மின்சாரம்

வீட்டைப் பூட்டுவோர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்வது இயல்பு. அப்போது வலையமைப்பும் அணைந்துவிடும். இணையக் கருவிகளுக்கும் கேமராவுக்கும் தனி மின்சுற்று ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு அமைத்தால், மற்ற அறைகளின் மின்சாரத்தை நிறுத்தினாலும் இவை இயங்கும். அந்தச் சுற்றுக்கு நல்ல நில இணைப்பும், மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியும் தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவற்றின் பயன் தெரியும்.

ஒளியிழை மோடத்துக்கும் முதன்மை நிலையத்துக்கும் சிறிய யுபிஎஸ் வைத்தால் குறுகிய மின்வெட்டுகளைத் தாண்டலாம். கருவியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் யுபிஎஸ் தரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பும் ஆயுளும்

2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. ஆளில்லாத வீட்டில் இப்படி நடந்தால் கவனிக்க எவரும் இல்லை. ஆகவே பாதுகாப்பு மேம்படுத்தல்களைத் தானே நிறுவிக்கொள்ளும் அமைப்பையே வாங்க வேண்டும். டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையும், விருந்தினருக்கான தனி வலையமைப்பும் இருப்பது நலம்.

நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு மேம்படுத்தல் தரும் என்பதையும் கேட்டறிய வேண்டும். கூகிள் 2015இல் அறிமுகப்படுத்திய ஆன்ஹப் ரூட்டருக்கான ஆதரவு 2023 ஜனவரியில் முடிந்தது. கருவி தொடர்ந்து வைஃபை தந்தாலும், செயலி வழியாக அதை நிர்வகிக்க முடியாமல் போயிற்று. 2018இல் வைஃபை கூட்டமைப்பு அறிமுகப்படுத்திய ஈசிமெஷ் சான்று பெற்ற கருவிகள் வெவ்வேறு நிறுவனங்களின் நிலையங்களோடு இணையக்கூடியவை. ஒரு நிலையம் பழுதானால் மாற்று தேட இது உதவும்.

பல புள்ளிகளுக்குப் பொதுவான வீட்டில், நிர்வாகக் கணக்கு ஒருவரின் கைப்பேசியோடு மட்டும் கட்டுண்டிருக்கக் கூடாது. அவர் எண்ணை மாற்றினாலோ மறைந்தாலோ மற்றவர்கள் உள்ளே நுழைய முடியாது. குறைந்தது இருவரிடமாவது நிர்வாக உரிமை இருக்க வேண்டும்.

மெஷ் தேவைப்படாத இடம்

ஆண்டில் சில நாட்கள் மட்டுமே இணையம் தேவை, கேமராவும் இல்லை என்றால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோ சிம் பொருத்திய சிறு ரூட்டரோ போதும். வீடு சிறியதாக இருந்தால் நடுவில் வைத்த ஒரே நல்ல ரூட்டர், மூன்று நிலையங்களைவிடக் குறைவாகவே பழுதாகும்.

பூட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை

1. கதவுகளை அடைத்து, கேமரா உள்ள ஒவ்வோர் இடத்திலும் அலை வலிமையைப் பார்க்கவும்.
2. யுபிஎஸ்ஸையும் சேர்த்து முழு மின்சாரத்தையும் பத்து நிமிடம் நிறுத்தி, பின் எதையும் தொடாமல் மீண்டும் தரவும்.
3. கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா வழியாக எல்லா நிலையங்களும் கேமராக்களும் தெரிகின்றனவா என்று பார்க்கவும்.
4. இணையக் கட்டணம் அடுத்த வருகை வரை செல்லுமா என உறுதி செய்யவும்.
5. இணையம் இல்லாதபோதும் பதிவு நிற்காதவாறு கேமராவில் நினைவக அட்டை இடவும்.
6. எந்தச் சுவிட்சை அணைக்கக் கூடாது என்பதைத் தமிழில் எழுதி ஒட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் காட்டவும்.

இரண்டாம், மூன்றாம் சோதனைகளில் தேறாத அமைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், பூட்டியிருக்கும் வீட்டுக்கு ஏற்றதன்று. அதைக் கடையில் திருப்பித் தரக்கூடிய காலத்துக்குள்ளேயே இச்சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.