கடலடியில் ஒரு மண்சரிவு

பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னிலையில் நான் ஒரு சோதனை செய்து தோற்றேன். அந்தத் தோல்வியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஏரிக் களிமண்ணைக் குழைத்துச் சரிவாகப் பரப்பி, மேலே நீர் நிரப்பினேன். மலையில் மண் சரிவது போலவே கடலுக்கு அடியிலும் சரியும் என்பதைக் காட்டுவது என் எண்ணம். தொட்டியைச் சாய்த்தேன், தட்டினேன். களிமண் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. “ஐயா, உங்கள் கடல் மிகவும் நல்ல கடல்” என்றான் கடைசி வரிசைப் பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும், ஏன் சரியவில்லை என்ற வினா என்னை விடவில்லை.

உண்மைக் கடல் அத்துணை நல்லதன்று. 1929 நவம்பர் 18 அன்று, கனடாவின் கிழக்கே கிராண்ட் பாங்க்ஸ் என்னும் பகுதியில் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் பின்னர் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகள், ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழ்ந்த பக்கம் நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது பதின்மூன்று மணி நேரத்துக்குப் பிறகு. அறுந்த நேரங்களையும் இடைத் தொலைவுகளையும் ஒப்பிட்ட ஹீசன், யூயிங் என்னும் இரு விஞ்ஞானிகள், சரிந்த சேறு தொடக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதென்று 1952-இல் வெளியிட்டனர். தொலைவை நேரத்தால் வகுக்கும், நீங்கள் அறிந்த அதே கணக்குத்தான்!

இன்று கடலடியில் கம்பிகளோடு எண்ணெய்க் குழாய்களும் எரிவாயுக் குழாய்களும் கிடக்கின்றன. 2004-இல் ஐவன் என்னும் சூறாவளி மெக்சிகோ வளைகுடாவில் வீசியபோது, பேரலைகள் கடலடிச் சேற்றை மாறி மாறி அமுக்கியும் தளர்த்தியும் அதன் உறுதியைக் குலைத்தன. மிஸிசிப்பி ஆற்று முகத்துவாரத்தருகே சேறு நழுவி ஓர் எண்ணெய் மேடையையே சாய்த்தது, குழாய்களும் சேதமுற்றன. சாய்ந்த இடத்தில் கசியும் எண்ணெயைத் திரட்டும் அமைப்பு 2019-இல்தான் நிறுவப்பட்டது. அப்பகுதியில் சரிவு ஒரு பாகையினும் குறைந்த இடங்களிலும் சேறு நழுவுகிறது என்பது வியப்பு.

நமக்கும் இது அயல்நாட்டுக் கதையன்று. காக்கிநாடாவுக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2009-இல் எரிவாயு எடுக்கத் தொடங்கினர். இரண்டு பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. பழைய சரிவுகளின் தடங்களும் அங்கே காணப்படுகின்றன.

இனி, என் தொட்டிக்கு வருவோம். களிமண்ணுக்கு ஒட்டும் வலிமை உண்டு. அதை மீறித் தள்ளுவது அதன் எடை. முப்பது மீட்டர் கனமுள்ள மண்ணின் அடியில் எடை மிகுதி. என் தொட்டியிலோ ஒரு சாண் மண். ஒட்டும் வலிமை அப்படியே இருக்க, எடை மட்டும் சுருங்கிவிட்டது. அளவைச் சிறிதாக்கினால் புவியீர்ப்பைப் பெரிதாக்க வேண்டும். எப்படி? நீர் நிறைந்த சொம்பைக் கயிற்றில் கட்டிச் சுழற்றியவர்களுக்கு விடை தெரியும். 1869-இலேயே பிரான்சில் எடுவார் ஃபிலிப்ஸ் என்பவர், பாலங்களின் மாதிரிகளைச் சுழற்றிச் சோதிக்கலாம் என்று யோசனை கூறினார். மும்பை ஐ.ஐ.டி.யில் 4.5 மீட்டர் ஆரமுள்ள மையவிலக்கு இயந்திரம் உள்ளது. அத்தகைய ஆரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 முறை சுழற்றினால், மண் தன் எடையைப்போல் நூறு மடங்கு கனக்கும். 30 சென்டிமீட்டர் களிமண் 30 மீட்டர் களிமண்ணாக நடக்கும். மண்ணிலிருந்து நீர் வடியும் காலமோ நூறின் வர்க்கமாகச் சுருங்கும்: ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும்!

உருளை வடிவ இயந்திரங்களும் உண்டு. நம் ஆம்பூர்த் தோல் பதனிடும் டிரம்மில் தோல் மேலேறிப் பின் விழுகிறது, மெல்லச் சுழல்வதால். இவ்வுருளை வேகமாகச் சுழல்வதால் களிமண் சுவரோடு ஒட்டிக் கடலடியாகிறது.

சரிந்தபின் நடப்பதை அறிய வேறு சோதனை. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரச் சோதனைச்சாலையில், வெண்களிமண்ணும் மணலும் கலந்த குழம்பை நீருக்கடியில் சாய்ந்த வாய்க்காலில் ஓடவிட்டனர். நீர் தடுக்குமென்று நாம் எண்ணுவோம். குழம்பின் முன்நுனியோ மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் ஏறி, மழைச்சாலையில் காரின் சக்கரம் போல வழுக்கிச் சென்றது. பின்னர் வாய்க்காலின் குறுக்கே குழாய்த்துண்டு வைத்து, மோதும் விசையையும் அளந்தனர்.

குழம்பின் விசையை அறிய நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர். சேறு நீரைப்போல் ஓடும். ஆனால் நீரினும் கனமானது. வேகம் இரட்டித்தால் மோதும் விசை நான்கு மடங்காகும்.

ஆகவே பொறியாளர்கள், குழாயைத் தடிமனாக்குவதைவிடப் பாதையை மாற்றுவதையே முதலில் கருதுகின்றனர். பழைய சரிவுத் தடங்களை விலக்கிச் செல்வர். விலக்க இயலாத இடத்தில், சேறு குறுக்கே மோதாமல் நீளவாக்கில் ஓடும்படி குழாயைச் சரிவின் போக்கிலேயே இறக்குவர்.