நியாயஸ்தலத்தின் படிகள் – 7: ஜாமீனுக்குப் பதில் ஓர் ஆராய்ச்சி

ஏழைக்கு வக்கீலை அமர்த்திக் கொடுப்பதோடு சட்ட உதவி பூர்த்தியாகிவிடுவதில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வக்கீல் வந்து சேருவதற்கு முன்பே, குற்றம் ருசுவாகாத ஒரு மனிதன், ஜாமீன் தொகை கட்ட வகையில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் கிடக்க நேருவதுண்டு. அப்படிக் கிடப்பவர்களுக்காகத் தம் திரவியத்தைச் செலவிட விரும்பும் தர்மவான் அதை எதில் செலவிடுவது உசிதம் என்ற கேள்விக்கு, நியூயார்க் நகரத்தில் 1961-ஆம் வருஷம் கிடைத்த விடையை இந்த வாரம் பார்க்கலாம்.

லூயி ஷ்வைட்ஸர் ஒரு ரசாயன இன்ஜினீயர். காகித உற்பத்தித் தொழிலில் செல்வம் ஈட்டியவர். ப்ரூக்ளின் காவற்சிறையில், ஜாமீன் கட்ட இயலாத வாலிபர்கள் விசாரணையை எதிர்பார்த்து நெடுநாள் அடைபட்டிருப்பதைக் கேள்வியுற்ற அவருக்கு, ஒரு நிதியைத் திரட்டி அவர்களுக்கெல்லாம் ஜாமீன் தொகையைக் கட்டிவிடலாமே என்ற யோசனைதான், நல்லெண்ணம் கொண்ட யாருக்கும் உதிப்பதுபோல, முதலில் உதித்தது. ஆனால் அது கைவிடப்பட்டது. ஏனெனில், பணமில்லாதவனுக்கு இன்னொருவர் பணம் கட்டினால் அந்த ஒருவன் வெளியே வருவானே தவிர, மனிதனுடைய சுதந்திரத்துக்குப் பணமே பிணை என்ற ஏற்பாடு இம்மியும் அசையாமல் நிலைத்துவிடும். ஆகவே அவர் தம் தாயாரின் பெயரால் வெரா ஸ்தாபனத்தை நிறுவி, ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளம் பத்திரிகை ஆசிரியரிடம் காரியத்தை ஒப்படைத்தார். ஃபோர்டு ஸ்தாபனமும் பொருளுதவி செய்தது.

இதற்கு முன் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்பதில்லை. பென்ஸில்வேனியா சர்வகலாசாலைப் பேராசிரியர் கேலப் ஃபூட் என்பவர், பிலடெல்பியாவைப் பற்றி 1954-இலும் நியூயார்க்கைப் பற்றி 1958-இலும் வெளியான ஆய்வுகளில், ஜாமீன் முறையின் அநீதியைப் புள்ளிவிவரங்களோடு அம்பலப்படுத்தியிருந்தார். ஆனால் நீதிபதி தம் எதிரே நிற்பவனைப் பற்றி அறிந்ததெல்லாம் குற்றச்சாட்டும் போலீஸ் குறிப்பும் மாத்திரமே. பணத்தை விட்டால் வேறு எதை நம்பி அவனை வெளியே அனுப்புவது என்ற அவருடைய நியாயமான சந்தேகத்துக்கு அந்த ஆய்வுகளில் விடையில்லை.

அந்த விடையைத் தேடித்தான் 1961 அக்டோபரில் மான்ஹாட்டன் ஜாமீன் திட்டம் தொடங்கிற்று. நியூயார்க் சர்வகலாசாலையின் சட்ட மாணவர்கள், கோர்ட் லாக்கப்பிலேயே கைதிகளைச் சந்தித்து, எந்த விலாசத்தில் எவ்வளவு காலமாகக் குடியிருப்பு, என்ன வேலை, ஊரில் உறவினர் யார், முன்பு தண்டனை உண்டா என்று கேட்டறிந்து, கேட்டதை டெலிபோனில் சரிபார்த்து, மதிப்பெண் இட்டு, தேறியவர்களைச் சொந்த முச்சலிக்காவில் விடலாம் என்று சிபார்சு செய்தார்கள். கொலை முதலிய சில குற்றச்சாட்டுகள் ஆரம்பத்தில் விலக்கப்பட்டிருந்தன.

ஆராய்ச்சியின் உயிர்நிலையும் அதன் சங்கடமான அம்சமும் ஒன்றே. தேறியவர்களையே இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குரிய சிபார்சை நீதிபதியிடம் அளித்து, மற்றப் பிரிவினருடையதை வேண்டுமென்றே அளிக்காமல் வைத்துக்கொண்டார்கள். விடத்தக்கவன் என்று தெரிந்தும் ஒருவனுக்காக வாய் திறவாதிருப்பது தர்மமா என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆயினும், திட்டமே இல்லாதிருந்தால் இரு பிரிவினரும் ஒரே கதியைத்தான் அடைந்திருப்பார்கள் என்பதையும், ஒப்பிட்டுக் காட்டும் அத்தாட்சி இல்லாதிருந்தால், ‘இவர்களை நாங்கள் எப்படியும் விட்டிருப்போம்’ என்ற ஒற்றை ஆட்சேபத்தில் முயற்சி முழுவதும் அடிபட்டுப் போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கையில், அந்த மௌனத்தை நான் குறைகூறத் துணியமாட்டேன். முதல் வருஷத்தில், சிபார்சு அளிக்கப்பட்ட பிரிவில் சுமார் 60 சதவீதத்தினர் பணமின்றி விடப்பட்டார்கள். அளிக்கப்படாத பிரிவில் சுமார் 15 சதவீதத்தினரே. மூன்று வருஷங்களில் விடப்பட்ட ஏறக்குறைய 3,500 பேரில், வாய்தாவுக்கு வராமற் போனவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

1964-இல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி இதற்கென்றே வாஷிங்டனில் தேசிய மகாநாடு கூட்டினார். 1966-இல் ஜனாதிபதி ஜான்ஸன் ஜாமீன் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நியூயார்க் நகரத்தின் நன்னடத்தைத் துறை 1964-இல் ஏற்றுக்கொண்ட வேலை நாளடைவில் தொய்வுற்று, 1973-இல் வெரா மறுபடியும் பொறுப்பேற்க நேர்ந்தது என்பதையும், சட்டம் வந்தவுடன் கடமை முடிந்ததென்று கருதும் கொடையாளர்கள் கவனிப்பது நல்லது.

நம் தேசத்துக்கும் இதில் பாத்தியதை உண்டு. தண்டனை பெற்றிருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய காலத்தையும் கடந்து பீகார்ச் சிறைகளில் அடைபட்டிருந்த விசாரணைக் கைதிகளுக்காக எழுந்த ஹுசைனாரா கத்தூன் வழக்கில், பணப் பிணையின்றியும் மனிதர்கள் விசாரணைக்கு வருவார்கள் என்பதற்கு மான்ஹாட்டன் திட்டத்தின் அனுபவத்தையும் ஆதாரமாகக் காட்டி, 1979-இல் நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். அப்படியிருந்தும், 2022-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே.

சட்டக் கல்லூரிக்கு மண்டபம் கட்டிக் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்ளும் தனவந்தர்களை நான் பரிகசிக்கவில்லை. அவர்களில் ஒருவரேனும், அந்தக் கல்லூரியின் மாணவர்கள் தங்கள் ஜில்லா கோர்ட்டில் சில வருஷங்கள் அமர்ந்து, எவன் ஏன் உள்ளே இருக்கிறான், விட்டால் திரும்பி வருவானா என்று முறைப்படி ஆராய்வதற்குரிய செலவை ஏற்றுக்கொள்ள முன்வருவாரானால், ஆயிரம் பேருக்கு ஜாமீன் கட்டுவதைவிடப் பெரிய உபகாரத்தை அவர் செய்தவராவார். முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)