கொக்கோ ஏன் கட்டி தட்டுகிறது?

மாரி மழை பிடித்துவிட்டால் கோமாரி, பொத்துவில் பக்கம் இஞ்சிப் பிளேன்டீதான். ஒருநாள் கொக்கோவும் காய்ச்சிப் பாருங்கள். அதற்கு மணம் தரும் கறுவா நம் நாட்டு மரம். கொக்கோவும் இங்கே மாத்தளையில் விளைகிறது.

தூள் ஏன் கட்டி தட்டுகிறது?
கொக்கோத் தூளில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் வரை கொழுப்பு உண்டு. அது தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. கூடவே மாச்சத்தும் உண்டு. கொதிக்கிற பாலில் தூளைக் கொட்டினால், வெளிப்புற மாச்சத்து உடனே வெந்து பசையாகும். உள்ளே தூள் உலர்ந்தே கிடக்கும்.

எப்படித் தவிர்ப்பது?
ஒரு கோப்பைக்கு 2 மேசைக்கரண்டி கொக்கோ, அதே அளவு சீனி, ஒரு சிட்டிகை உப்பு. இளஞ்சூட்டுப் பால் சிறிது விட்டு, பளபளவென்று வரும்வரை குழையுங்கள். பிறகு மீதிச் சூடான பாலில் கலக்குங்கள். சீனி, துகள்களைப் பிரித்து வைக்கும். உப்பு கசப்பை அடக்கும்.

கறுவாவை எப்போது போடுவது?
முதலிலேயே. அதன் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைட் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே ஆடை நீக்காத பாலில் 10 நிமிடம் மெல்லிய சூட்டில் கிடக்கட்டும். ஏலக்காயின் மணம் சீக்கிரம் ஆவியாகும். அதைத் தட்டி, இறக்கும்போது போடுங்கள்.

கொழுமைக்கு?
தேங்காயின் முதற்பால். கொதித்தால் அதன் புரதம் இறுகி, கொழுப்பு பிரிந்து திரிந்துவிடும். அடுப்பை அணைத்தபின் ஊற்றி, நன்றாக அடித்துக் கலக்குங்கள்.

குழைப்பதற்குச் செலவாகும் இரண்டு நிமிடத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள்; முழுச் சுவையும் அதில்தான் இருக்கிறது.