ஆறு மீட்டர் வீட்டில் பத்து நாள்கள்

பிடோக்கில் உள்ள எங்கள் நாலறை வீட்டில், ஐந்து ஆண்டுகளாகக் கைப்பேசியை யாரும் அணைத்து வைத்ததில்லை. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலம் அது. வேலையிடத்தில் இருந்தாலும் ஈரச்சந்தையில் இருந்தாலும் எனக்கும் கணவருக்கும் ஒரு காது கைப்பேசியில்தான் இருக்கும். எங்களுக்குள் பேச்சு என்றால் மருந்து நேரம், மருத்துவமனைச் சந்திப்பு, பணிப்பெண்ணின் விடுமுறை நாள், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அத்தை காலமானார். அதன்பின் எங்களுக்கு நேரம் நிறையவே இருந்தது, ஆனால் பேச்சு மட்டும் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தபடியே இரவு உணவை முடித்துவிடுவோம்.

ஒருநாள் கணவர், “எங்கேயாவது போவோமா? குழுவோட வேணாம். நாம ரெண்டு பேரு மட்டும்,” என்றார். கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய தேசிய சேவைக் காலத்து ஆசை. அங்கும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் தேவையில்லை. மருத்துவமனைக்காகவே செலவழித்துப் பழகிய விடுப்பை முதன்முறையாக எங்களுக்காக எடுத்தோம். மார்ச் மாதம் புறப்பட்டோம்.

தண்ணீருக்கும் கணக்கு

சாங்கியிலிருந்து கிரைஸ்ட்சர்ச்சுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணம். நியூசிலாந்தில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. கொண்டுபோகும் உணவுப் பொருளைப் படிவத்தில் குறிப்பிடாவிட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம் விதிக்கலாம். கறிவேப்பிலை, பழம், தேன் எதையும் நாங்கள் எடுத்துப் போகவில்லை. தேக்காவில் வாங்கிய ரசப்பொடியையும் பருப்புப்பொடியையும் படிவத்தில் எழுதிக் காட்டினோம். அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

எங்கள் வாகனத்தின் நீளம் ஆறு மீட்டர். கட்டில், இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு, சிறு குளிர்பதனப் பெட்டி, கழிவறை, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. குடிநீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்குத் தனிப் பெட்டி. ஓடும்போது இன்னொரு மின்கலம் சார்ஜ் ஏறும், விளக்குக்கு அது போதும். சுவர்ச் செருகியில் மின்சாரம் வேண்டுமென்றால், மின்வசதி உள்ள முகாம் தளத்தில் கம்பியை இணைத்தால்தான் உண்டு. மிக்சியை வீட்டிலேயே விட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

நினைத்த இடத்தில் நிறுத்திப் படுத்துவிட முடியாது. ஊர்களிலும் ஏரிக்கரைகளிலும் இலவசமாகத் தங்க அனுமதிக்கும் பல இடங்களில், மூன்று நாள் நீரையும் கழிவையும் தாங்கும் சான்றிதழ் பெற்ற வாகனங்களுக்கே இடம். கழிவறை வாகனத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டுச் சட்டம். கழிவை அதற்கென உள்ள நிலையங்களில்தான் கொட்ட வேண்டும். டீசல் வாகனம் என்றால், ஓடும் தூரத்திற்கேற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணமும் உண்டு. வாடகை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதல் இரவு டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கினோம். கணவர் பிடோக்கில் குளிப்பதுபோல் குளித்தார். மறுநாள் காலை காப்பி போடத் தொட்டியில் நீர் இல்லை. எங்களுக்குள் சண்டை வந்தது. அத்தை போனபிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வீட்டில் சண்டை போடும் அளவுக்குக்கூட நாங்கள் பேசியிருக்கவில்லை.

அத்தை சொன்ன வானம்

டெக்காப்போவும் மவுண்ட் குக் மலைப்பகுதியும் 2012ஆம் ஆண்டிலிருந்து பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக உள்ளன. தெருவிளக்குகளின் ஒளி வானத்தை நோக்கிச் சிதறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிடோக்கில் புளோக்குகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நட்சத்திரங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. இரண்டாம் இரவு போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றோம். பால்வீதி தலைக்கு மேல் வெண்புகைபோல் நீண்டு கிடந்தது.

“அம்மா சொல்வாங்கல்ல, பட்டுக்கோட்டையில மொட்டை மாடியில படுத்தா வானம் கீழே இறங்கி வர்ற மாதிரி இருக்கும்னு,” என்றார் கணவர். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் அத்தையைப் பற்றித் தானாகப் பேசினார்.

அடுத்த நாள் புகாக்கி ஏரியை ஒட்டி மலையடிவாரம்வரை போய் வந்தோம். பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூள் நீரில் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பால்கலந்த நீலம். நியூசிலாந்தின் ஆக உயரமான 3,724 மீட்டர் சிகரம் அரை மணி நேரம் மேகம் விலகிக் காட்சி கொடுத்தது.

பின்னால் வருபவருக்கு வழி

லிண்டிஸ் கணவாயைக் கடந்து வனாக்கா போனோம். அங்கிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை. வரைபடம் காட்டும் நேரத்தை நம்பக்கூடாது, கேம்பர்வேனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஒற்றைத்தடப் பாலங்கள் நிறைய. சிவப்பு வட்டத்துக்குள் நம் திசை அம்பு சிறிதாக இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்க வேண்டும். தீவு விரைவுச்சாலையில் தடம் மாற விடாதவர்களைத் திட்டும் என் கணவர், அங்கே அரை மணிக்கு ஒருமுறை ஒதுங்கி எல்லாரையும் போகவிட்டார். முந்திச் செல்பவர்கள் கை அசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம்.

ஹாஸ்ட் சாலையில் நீண்ட தூரத்திற்குக் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களும் அரிது, வனாக்காவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. ஹாஸ்டைத் தாண்டியபின் நைட்ஸ் பாயிண்ட் என்ற மேட்டில் நிறுத்தினோம். கீழே டாஸ்மன் கடல். இந்தக் கரையோரச் சாலையின் கடைசிப் பகுதி திறக்கப்பட்டது 1965இல், சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில். நில அளவையாளர் ஒருவரின் நாயுடைய பெயர்தான் இந்த இடத்துக்கு. கணவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சிக்னல் இல்ல. அதை வச்சிருங்க,” என்றேன்.

“அன்னிக்கு நான் மீட்டிங்ல இருந்தேன். சைலண்ட்ல போட்டிருந்தேன். நீ ஏழு தடவை கூப்பிட்டிருக்க,” என்றார்.

அத்தை போன நாளைப் பற்றிச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை மாதங்களாக அவர் என்னிடம் ஒன்றும் கேட்காததை, நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற கோபமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ என் மௌனத்தை, அழைப்பை எடுக்காத குற்றத்துக்குத் தண்டனை என்று நினைத்திருக்கிறார்.

“அத்தை தவிக்கலங்க. தூங்குற மாதிரிதான் போனாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்கவே இல்ல, நானும் சொல்லல,” என்றேன்.

வேனுக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து அவர் அழுதார். நான் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தேன். நெடுநேரம் அங்கேயே இருந்தோம்.

பாறை, மழை, கிளி

அதற்குப் பிறகு கடற்கரைச் சாலையில் விடாமல் மழை. கதவைத் திறந்தால் மணல் ஈக்கள் மொய்த்தன. பூச்சி விரட்டி இல்லாமல் மேற்குக் கரைக்குப் போகாதீர்கள். ஃபாக்ஸ் பனியாறு மிகவும் பின்வாங்கிவிட்டதால் ஹெலிகாப்டரில் சென்றால்தான் அதன்மேல் கால் வைக்க முடியும். நாங்கள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. புனக்கைக்கியில், தோசைகளை அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளைக் கண்டோம். ஓதம் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்து போனால், பாறைத் துளைகள் வழியே கடல் நீர் மேலே பீறிடுவதைக் காணலாம். ஆர்தர்ஸ் கணவாயில் கியா எனும் மலைக்கிளி ஒன்று எங்கள் வண்டியின் ரப்பர் பட்டையைக் கொத்திப் பார்த்தது. அதற்கு உணவு கொடுக்கக் கூடாது என்பதால் விரட்டத்தான் முடிந்தது.

சுமார் 1,300 கிலோமீட்டர் ஓட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குள் யார் தண்ணீர் நிரப்புவது, யார் கழிவுப் பெட்டியைக் காலி செய்வது என்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசி முடிவெடுக்கப் பழகியிருந்தோம்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக அத்தையின் அறையைத் திறந்தோம். அவருடைய சேலைகளை இருவருமாகச் சேர்ந்து மடித்து வைத்தோம். இப்போது இரவு உணவின்போது இரண்டு கைப்பேசிகளும் அந்த அறையில்தான் இருக்கும். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குறுகிய காலத்துக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுப் பராமரிப்புச் சேவைகள் சிங்கப்பூரில் உள்ளன. நாங்கள் ஒருமுறைகூட அவற்றைப் பற்றி விசாரிக்கவில்லை. நியூசிலாந்துவரை போக வேண்டும் என்றில்லை. அத்தை இருந்தபோதே ஒரு வாரயிறுதிக்கு நாங்கள் இருவரும் எங்காவது போய் வந்திருக்கலாம்.