குழந்தையின் கண் வெளியில் வளர வேண்டும்

பள்ளிப் பிள்ளைக்குக் கண்ணாடி போட நேர்ந்தால் நம் வீடுகளில் இரண்டு காரணங்கள் சொல்லப்படும். அப்பாவும் கண்ணாடிக்காரர், ஆகவே பரம்பரை, இல்லையென்றால் செல்போன். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு காரணம் தெரிகிறது, அதைச் சரிசெய்வதும் நம் கையில்தான் இருக்கிறது. குழந்தை பகல் வெளிச்சத்தில், கூரைக்கு வெளியே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அது. அந்த நேரத்தைப் பள்ளிகளே கால அட்டவணையில் ஒதுக்கித் தர வேண்டும் என்கிறேன்.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம், பெரியவர்களுக்கு 24. இந்த வளர்ச்சி சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பிம்பம் விழித்திரைக்கு முன்னால் விழும், இதுதான் கிட்டப்பார்வை. இரண்டரை அல்லது மூன்று பவரில் மைனஸ் கண்ணாடி தேவைப்படும். இத்தனை நுட்பமான அளவை மரபணுவிடம் மட்டும் ஒப்படைக்காமல், கண்ணில் விழும் ஒளியும் பிம்பமும் வழிநடத்தும்படி பரிணாமம் செய்திருக்கிறது. 1977இல் ஆய்வாளர்கள் டோர்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குரங்குக் குட்டிகளின் இமையைத் தைத்து மூடியபோது உள்ளே கண் அளவுக்கு மீறி நீண்டது. பின்னர் கோழிக்குஞ்சுகளுக்கு லென்ஸ் பொருத்திப் பார்த்தார்கள். மைனஸ் லென்ஸ் போட்டால் கண் நீண்டது, பிளஸ் போட்டால் வளர்ச்சி மட்டுப்பட்டது. பார்வை நரம்பை வெட்டிய பிறகும் கண் தன் வளர்ச்சியைத் திருத்திக்கொண்டது. பார்வைப் புலத்தில் பாதியை மட்டும் மங்கலாக்கினால் விழியின் அந்தப் பாதி மட்டுமே நீண்டது. அதாவது, மூளையின் கட்டளை இல்லாமலேயே விழித்திரை தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. கோழியின் மூதாதையும் நம் மூதாதையும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியும் கோழியிலும் குரங்கிலும் இந்த ஏற்பாடு ஒன்றுபோலவே இருக்கிறது. 2009இல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள், பிரகாசமான ஒளியில் வளர்ந்த குஞ்சுகளுக்குச் செயற்கையாக உண்டாக்கிய கிட்டப்பார்வை தாமதமாகவே வருவதைக் கண்டார்கள். விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்தபோது அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. விலங்குகளுக்கு இந்தச் சோதனைகள் கொடுமைதான். அவை கொடுத்த விலையில் கிடைத்த அறிவை ஆய்விதழ்களிலேயே பூட்டி வைத்திருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

கோழிக்குப் பொருந்துவது குழந்தைக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயம். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, ஆறு ஏழு வயதினரை, ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோரிடையே கிட்டப்பார்வை இரு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பிள்ளைகளில் சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் படித்த புத்தகங்களும் அதிகம். பெரிய வேறுபாடு வெளியில் கழித்த நேரத்தில்தான் இருந்தது: வாரத்துக்குச் சிட்னியில் சுமார் 14 மணி நேரம், சிங்கப்பூரில் மூன்று. பரம்பரை ஒரு சாய்வைத் தரலாம். ஒரே தலைமுறையில் இவ்வளவு இடைவெளியை அது உண்டாக்க முடியாது. செல்போன் மீது முழுப் பழியையும் போடுவதும் சரியல்ல. ஸ்மார்ட்போன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தைவான் பள்ளிகளில் கிட்டப்பார்வை பெருகிவிட்டது.

ஒப்பீடு மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குச் சீனாவின் குவாங்சோ நகரம் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே 12 பள்ளிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம். வேறுபாடு ஒன்பது சதவீதப் புள்ளிகள்தானே என்று தள்ளிவிடக் கூடாது. சின்ன வயதில் தொடங்கும் கிட்டப்பார்வைக்கு ஏறுவதற்கு ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. பவர் ஆறைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை விலகல், கண் அழுத்த நோய், மையப்பார்வை இழப்பு ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. கண்ணாடி பார்வையைத் திருத்தும், நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்காது. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வெளி வெளிச்சத்தால் கிடைக்கும் பலன் குறைவு. எனவே முந்திக்கொள்வதுதான் வழி.

நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை நிறுத்துவதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். பகலில் மர நிழலிலேயே அது ஆயிரங்களைத் தொடும். ஆயிரம் லக்ஸ் அளவு வெளிச்சமும் உதவுவதாக 2018இல் வெளியான தைவான் ஆய்வு கண்டது. வேப்ப மரத்தடி போதும், உச்சி வெயில் வேண்டாம். தைவான் அரசு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. நம் பள்ளிகளிலோ பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட், மாலையில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே மைதானத்தில் நடக்கிறது?