கதாப் பறவையும் ஒற்றைச் சாட்சியும்

அல்லாஹ்வுக்காகப் பள்ளிவாசல் கட்டுவோருக்கு, அது கதாப் பறவையின் குழியளவே ஆயினும், சுவனத்தில் வீடு உண்டு என்ற கருத்தமைந்த நபிமொழி, ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வாயிலாக இப்னுமாஜாவில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசல் திருப்பணிக்கு நிதி திரட்டும் மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய நபிமொழி இது. தமிழில் இதனைக் 'குருவிக்கூடு' என்று சொல்லிச் செல்வோர் உண்டு. ஆனால் மூலத்தில் உள்ள 'மஃப்ஹஸ்' என்னும் சொல் கூட்டைக் குறிப்பதன்று. பறவை மண்ணைக் கிளறி அமைத்துக்கொள்ளும் சிறு பள்ளத்தையே அது குறிக்கும். கதா கூடு கட்டுவதில்லை. சுள்ளியும் நாரும் இன்றி, மரமற்ற திறந்த வெளியில் ஓர் ஆழமில்லாக் குழியில் இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடுகிறது. இதனினும் எளிய உறைவிடம் உலகில் அரிது. உவமையின் ஆழம் இங்கேதான் இருக்கிறது.

இப்பறவையை அரபு மக்கள் இருவகையில் போற்றினர். வழியடையாளமற்ற பாலையில் நீர்நிலையைத் தவறாமல் கண்டடைவதால், வழியறிவுக்கு அதனை உவமையாக்கினர். தன் பெயரையே 'கதா, கதா' என்று கூவுவதால், 'கதாவினும் உண்மையானவர்' என்று பழமொழியும் வகுத்தனர். இதன் இனத்தில் 16 வகைகள் உள்ளன. நம் நாட்டின் வறண்ட வெளிகளிலும் சில வாழ்கின்றன. தமிழில் அவற்றைக் கல்கௌதாரி என்பர்.

பாலையில் இப்பறவையைக் காண விழைவோர் பெரும்பாலும் தனியே செல்வதற்குக் காரணம் உண்டு. கதாவின் உணவு உலர்ந்த விதைகளே. ஆகவே அது நீர் தேடி நெடுந்தொலைவு பறந்தே ஆகவேண்டும். பெரும்பாலான வகைகள் காலை வேளையிலும், லிக்டென்ஸ்டைன் கதா போன்ற சில அந்தி மயங்கிய பின்னரும் நீரருந்த வருகின்றன. கூட்டமாக வந்து, வட்டமிட்டுத் தயங்கி இறங்கி, சில விநாடிகளில் குடித்துவிட்டு எழுந்துவிடுகின்றன. நீர்நிலையருகே இருவர் பேசிக்கொண்டிருந்தாலும் அவை இறங்காது திரும்பிவிடக்கூடும். எனவே விடியலுக்கு முன்பே சென்று, நீரிலிருந்து விலகி, அசையாது அமர்ந்திருக்கும் ஒருவருக்கே அக்காட்சி வாய்க்கிறது. அங்ஙனம் கண்டதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. இந்த ஒற்றைச் சாட்சியத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

1896இல் எட்மண்ட் மீட்-வால்டோ என்னும் ஆங்கிலேயர், தாம் வளர்த்த கதாக்களிடம் கண்ட விந்தையொன்றை வெளியிட்டார். ஆண் பறவை தன் வயிற்று இறகுகளை நீரில் தோய்த்துச் செல்கிறது. குஞ்சுகள் அவ்விறகுகளைக் கோதி நீரை உறிஞ்சுகின்றன என்பது அவர் கூற்று. பறவையியலார் பலர் இதனை நம்பவில்லை. கூண்டில் நிகழ்ந்த தற்செயல் என்றும், பாலையில் இது இயலாதென்றும் ஐயுற்றனர்.

71 ஆண்டுகள் கழித்து, 1967இல், டாம் கேட், கார்டன் மக்லீன் ஆகிய இருவர் தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் செய்த ஆய்வு மீட்-வால்டோவை மெய்ப்பித்தது. நீரில் தோய்ந்த ஆண் பறவைகளையும், அவற்றிடம் நீரருந்தும் குஞ்சுகளையும் அவர்கள் நேரில் கண்டனர். இறகுகளைச் சோதித்து, அவை பிற பறவைகளின் இறகுகளைவிடப் பன்மடங்கு நீரைத் தாங்குவதையும் அறிந்தனர். உலர்ந்த நிலையில் சுருண்டிருக்கும் நுண்ணிழைகள் நனைந்தவுடன் விரிந்து நிமிர்ந்து, தம்மிடையே நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு தடவைக்குச் சுமார் 25 மில்லிலிட்டர் நீரை அவ்வாறு சுமக்க இயலும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2023இல் இவ்விறகின் அமைப்பை மின்னணு நுண்ணோக்கியால் விரிவாக விளக்கியுள்ளனர்.

ஒருவர் மட்டும் அறிவித்த செய்தி என்பதற்காகவே ஓர் உண்மை தள்ளப்படலாமா? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. தனியர் அறிவிப்பாகிய 'கபர் வாஹித்' ஏற்கத்தக்கதே என்பதை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் 'அர்ரிஸாலா' நூலில் விரிவாக நிறுவினார்கள். ஆயினும் அறிவிப்பவர் உண்மையாளராக இருத்தல் வேண்டும். தாம் அறிவிப்பதை விளங்கியவராக இருத்தல் வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தார்கள். திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயத்தில், ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தி தனியே பறந்து சென்று ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவருகிறது. அங்கே பார்த்தது பறவை, பார்க்கப்பட்டோர் மனிதர். சுலைமான் (அலை) அவர்கள் அச்செய்தியை உடனே ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. மெய்யா பொய்யா என்று பார்ப்போம் எனக் கூறி, அதனிடமே கடிதம் கொடுத்தனுப்பிச் சோதித்தார்கள்.

இந்நிபந்தனைகள் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு எதிர்ச்சான்றும் பாலைப் பறவை இலக்கியத்திலேயே உண்டு. 1954இல் 'அரேபியாவின் பறவைகள்' என்ற பெருநூலை வெளியிட்ட ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் நெடுங்காலம் பேரறிஞராக மதிக்கப்பட்டவர். அவர் 1967இல் மறைந்தபின் நிகழ்ந்த ஆய்வுகள், அருங்காட்சியகங்களிலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, இடமும் நாளும் மாற்றிப் பொய்ச் சீட்டு ஒட்டியவர் அவர் என்பதை வெளிப்படுத்தின. காட்டுச் சிற்றாந்தையைக் குஜராத்தில் 1914இல் எடுத்ததாக அவர் எழுதிவைத்ததும் பொய்யே. அச்சீட்டைப் புறக்கணித்துத் தேடிய பமீலா ராஸ்முஸ்ஸன் குழுவினர், நூறாண்டுக்கு மேலாக உறுதியான தடயமின்றி இருந்த அவ்வாந்தையை 1997இல் மகாராஷ்டிரத்தில் உயிருடன் கண்டனர். ஒரு சாட்சியின் பொய், ஓர் உயிரினத்தைத் தேடும் வழியையே மறைத்து நின்றது.

மெய்யுரைத்தவர் ஐயுறப்பட்டார்; பொய்யுரைத்தவர் போற்றப்பட்டார். இரண்டும் சாட்சியைச் சோதிக்கத் தவறியதன் விளைவே. ஆகவே தனித்துச் செல்லும் பறவை நோக்கர் தம் குறிப்பேட்டை ஓர் அமானிதமாகக் கருதுதல் வேண்டும். இடம், நேரம், தொலைவு, ஒளி ஆகியவற்றைக் கண்டவிடத்தே எழுதுதலும், கண்டதையும் ஊகித்ததையும் பிரித்தெழுதுதலும், ஐயத்தை ஐயமென்றே பதிதலும் அதன் கடமைகள். பின்னொருவர் அதே நீர்நிலையில் அமர்ந்து சோதித்தறிய அக்குறிப்பே வழிகாட்டும்.

அவ்வமானிதம் ஏட்டோடு முடிவதன்று. தாய்ப்பறவையிடமிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. நல்ல படம் வேண்டி நீர்நிலையை நெருங்கி நிற்பவர், கதாவை நனையாத இறகுடன் திருப்பியனுப்புகிறார். எங்கோ மணற்குழியருகே காத்திருக்கும் குஞ்சுகளுக்கு அன்று நீரில்லை. அதனைக் காணும் சாட்சி அங்கே வேறெவருமில்லை என்பதால் அவர் பொறுப்பு குறைவதில்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நாம் அறிவோம்.