திருவுளச்சீட்டும் ஞாயிற்றுக்கிழமையும்

ஸ்கொட்லாந்தின் கீழ்க்கரை நகரான சென் அன்ட்ரூசுக்குக் கோல்ப் ஆடச் செல்வோர், முதலில் நாட்காட்டியைப் பார்த்தல் வேண்டும். கடலோர மணற்றரையில் அமைந்த அங்குள்ள 'பழைய மைதானம்' உலகப் புகழ் பெற்றது. 1764 இல் அங்கே குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டமையே பின்னர் உலக வழக்காயிற்று.

அம்மைதானம் தனவந்தர் சங்கமொன்றின் உடைமையன்று, பொதுமக்களுக்குரியது. ஆகவே, முன்பதிவு பெறாதோர் ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னர் பெயர் கொடுத்துத் திருவுளச்சீட்டை எதிர்பார்க்கின்றனர். ஞாயிற்றுக்கிழமையில் பொதுவாக ஆட்டமில்லை. அன்று அப்புற்றரை ஊரார் உலாவும் பூங்காவாகும். சனி மாலை சேர்ந்து திங்கள் காலை திரும்புவோர் அதில் நடந்துவிட்டே மீள நேரும்.

வாரத்தின் இடையில் நாலைந்து நாள் தங்குவோர்க்கோ, வாய்ப்பு நாள்தோறும் புதிதாகக் கிட்டும். சீட்டு விழாவிடினும் பயணம் வீணாகாது. 1895 இல் திறக்கப்பட்ட 'புதிய மைதானம்' உட்பட வேறு ஆறு பொது மைதானங்கள் அங்கே உள்ளன.